குழலடி முத்திரை

"எங்கண்ணன் மேல தப்பாம்! இதச் சொல்ல அந்தத் துரைக்கு நாக்குக் கூசலியே!"

குளுவாங் டவுன் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்ததுமே தங்கராஜு கத்தினான். பின்னாலேயே அண்ணி காளியம்மா முந்தானையால் வாயைப் பொத்தியபடி வந்தாள்.

கடைக்காரர் ஜெயபாலனின் மேசைமேல் கிடந்தது தோட்டத்து ரெட்டைக்குழல் துப்பாக்கி. அவன் அண்ணன், காட்டுப்பன்றி விரட்டும் காவல்காரன் ஐயாசாமியின் கையில் போன வாரம் அதன் குழல் வெடித்துவிட்டது. இடது கையில் மிஞ்சியது கட்டைவிரல் மட்டும்தான். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, "கண்டபடி தோட்டா போட்டது அவன் குற்றம், லயத்து வீட்டைக் காலி பண்ணு" என்றுவிட்டார். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது என்றால் இதுதான். நாளை விசாரணை. சோதித்துச் சொல்லும்படி விசாரணை அதிகாரிதான் துப்பாக்கியை இங்கே அனுப்பியிருந்தார்.

"ரிப்பேருக்கே போகாத துப்பாக்கின்னு துரை எழுதிக் குடுத்திருக்காரு" என்றார் ஜெயபாலன்.

"பச்சைப் பொய்ணே! தொள்ளாயிரத்து முப்பதாம் வருசம் கப்பல் ஏத்தி சீமைக் கம்பெனிக்கே அனுப்புனாங்க. பெட்டி கட்டுனதே ஆபீசுல கணக்கு எழுதுற கிராணி சபாபதிதான். இப்ப கேட்டா, 'எனக்கும் புள்ளகுட்டி இருக்கு'ங்கிறான், கோழைப்பய!"

"மனுசன் பேசலேன்னா போறான் லா. அந்தக் கம்பெனிக்காரன் மெலிஞ்ச குழலைச் சரிபண்ணுனா, வருசத்தையும் 'சின்னத் தோட்டா மட்டும்'ங்கிற குறியையும் குழலடியில குத்தாம அனுப்ப மாட்டான். அது இருந்தாப் போதும். தெரிஞ்சேதான் துரை பெரிய தோட்டா குடுத்தாருன்னு ஆயிடும். உங்கண்ணனை யாரும் அசைக்க முடியாது."

ஜெயபாலன் குழலைக் கழற்றித் திருப்பினார். பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். காளியம்மா முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்லியே, தங்கராஜு."

"என்னண்ணே இல்ல?"

"குறி இல்ல. குத்துற எடத்துல யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருக்கான். ஒரு எழுத்து மிச்சமில்ல."

"சீமைக்கு எழுதிக் கேட்டா?"

"பதில் வர ரெண்டு மாசமாகும். விசாரணை நாளைக்குல்ல?"

தங்கராஜு மேசையில் ஓங்கிக் குத்தினான். கண்ணாடி எகிறி விழுந்தது.

"துரைதாண்ணே! சாட்சியை அழிச்சிட்டான் பாவி! எங்கண்ணன் சோத்துல மண்ணள்ளிப் போட்ட கை அழுகிப் போவும்ணே, புழுத்துப் போவும்!"

ஜெயபாலன் தலையை ஆட்டினார்.

"துரைக்கு இந்த வேலை வராதுய்யா. ஒரு கீறல் இல்ல, மேடு பள்ளம் இல்ல. கை தேர்ந்த மெஷின் பிட்டர் வேலை. அதுவும் ஒரு நாள்ல தேய்ச்சதில்ல, வருசா வருசம் தேய்ச்சது. இந்தா, இடுக்குல சந்தனம்கூட காஞ்சு கெடக்கு. ஆமா, ஆயுத பூசைக்கு உங்க தோட்டத்துல துப்பாக்கியக் கழட்டித் தொடைக்கிறது யாரு?"

தங்கராஜு குழலடியை விரலால் தடவிப் பார்த்தான். காளியம்மாதான் பதில் சொன்னாள்.

"தோட்டத்துக்கு பிட்டரு இந்தா நிக்கிற நம்ம தம்பி ஒண்ணுதாங்க. அண்ணன் கையில புடிக்கிறதாச்சேன்னு, எல்லாத்துக்கும் முன்னால அதத்தான் தேய்க்கும்."