இருபத்தாறாவது ஆள்

கணினி ‘டொங்’ என்று கத்தியது. ஒரே நேரத்தில் இருபத்தைந்து மாணவர்கள் பயன்படுத்தத்தான் பல்கலைக்கழகம் பாலக் கணக்குப் போடும் மென்பொருளுக்கு உரிமம் வாங்கியிருந்தது. இருபத்தைந்து இடமும் நிரம்பிவிட்டதாகத் திரை ஏழாவது முறையாகச் சொன்னது.

மணி மூன்று. ஐந்துக்குள் பாலத்தின் பளுக் கணக்கைச் சமர்ப்பிக்காவிட்டால் திரைக்கு முன் உட்கார்ந்திருந்த மாணவிக்கு ஒரு வருடம் வீண். கணக்கு ஓடி முடியவே இரண்டு மணி நேரமாகும். கூடச் செய்ய வேண்டிய தோழியோ காலையிலிருந்து போனை எடுக்கவே இல்லை.

உரிமங்களைக் கவனிக்கும் ஊழியரிடம் ஓடினாள்.

“அண்ணா, யாராவது சும்மா திறந்து வச்சிட்டுத் தூங்குவாங்க, பாருங்களேன்.”

“பேரெல்லாம் காட்டாதும்மா. ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர்தான் ஒண்ணே முக்கால் மணி நேரமா விடாம பிடிச்சு வச்சிருக்கு.”

“அந்த மகராசனைத் தூக்கிடுங்க.”

“ஏதோ ஓடிக்கிட்டிருக்கு. வெட்டினா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும், பாவம்.”

“உங்க தங்கச்சியா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?”

அவர் பெருமூச்சுவிட்டுப் பொத்தானை அழுத்தினார். இருபத்துநான்கு. அவள் தன் நாற்காலிக்கு ஓடுவதற்குள் வேறு யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள். மறுபடி இருபத்தைந்து.

எட்டாவது முறையாக அவள் முயன்றுகொண்டிருந்தபோது போன் ஒலித்தது. தோழி.

“கோச்சுக்காதடி, போன் சார்ஜ் இல்லாம செத்துக் கெடந்துச்சு. நம்ம பாலத்தை வீட்டிலயே ஓட விட்டிருந்தேன். முடியப் பத்தே நிமிஷம் இருக்கறப்போ எவனோ என்னை வெளிய தள்ளிட்டான்.”