மாற்றி மாட்டிய பிளேட்

ஒரு பழைய காருக்குப் புது கிளட்ச் பிளேட் வந்தது. சொந்தக்காரி செங்கமலம் தன் கையாலேயே அதை மாட்டினாள். பெடலை மிதித்தாள். கியர் விழவில்லை, கரகரவென்று கத்தியது.

“வந்ததும் வராததுமா என் பல்லை உடைக்கிறியே!” என்று சீறியது கியர்பாக்ஸ்.

“அவங்க மிதிச்சதும் எஞ்சினை விட்டு விலகத்தான் பாக்குறேன் அண்ணே. எங்கேயோ இடிக்குது” என்றது பிளேட்.

“நீ குப்பைக்குத்தான் போகப்போற.”

செங்கமலம் மறுபடி காருக்கடியில் படுத்து, கியர்பாக்ஸை இறக்கி, பிளேட்டை வெளியே எடுத்தாள். தூக்கி எறியவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நடுவில் புடைத்திருந்த பக்கம் உரசித் தேய்ந்திருந்தது.

“உன்மேல குத்தமில்ல. நான்தான் பக்கம் மாத்தி மாட்டிட்டேன்” என்றாள். வலித்த தோளை நீவிக்கொண்டு, பிளேட்டைத் திருப்பி வைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து மாட்டினாள்.

“என்னை இறக்கி ஏத்துறதுன்னா சும்மாவா? அப்பவும் உன்மேல பழி போடலையே!” என்று வியந்தது கியர்பாக்ஸ்.

செங்கமலம் பெடலை மிதித்தாள். கியர் சத்தமில்லாமல் விழுந்தது. அவள் காலை மெல்ல எடுத்ததும், பிளேட் தன் முழு பலத்தோடும் எஞ்சினைப் பற்றிக்கொண்டது. கார் தெருவில் இறங்கி ஓடியது.