விற்றுத் தீர்ந்த கேசட்டுகள்

"அண்ணே, என் கேசட்டு ஒண்ணாவது வித்துச்சா?" சிம்மக்கல் கடைக்காரரிடம் பிலோமினா தயங்கித்தான் கேட்டாள்.

மூன்று தலைமுறையாக ஜாஸ் வாசிக்கும் குடும்பம். அப்பா சாவதற்கு முன் கடைசியாக வாசித்த சாக்ஸபோனோடு அவள் பாடிய காதல் பாட்டுகள். பதிந்த நூறு கேசட்டையும் இவரிடம்தான் கொடுத்திருந்தாள்.

"அம்புட்டும் போயிருச்சும்மா. விளாங்குடி மைக்செட்காரர் திருவிழாவுக்குன்னு மொத்தமா அள்ளிட்டாரு."

மாலையே விளாங்குடிக்கு பஸ் ஏறினாள். குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே ஒரு மணி நேரம் நின்றும் அம்மன் பாட்டுத்தான் கேட்டது.

"அந்த ஜாஸ் கேசட்டைப் போடலையாண்ணே?" மைக்செட்காரரிடம் கேட்டாள்.

"அதுதாம்மா ஓடுது. வெறும் கேசட்டைவிட மலிவாக் கெடச்சுச்சு. எல்லாத்துலயும் சாமிப் பாட்டைப் பதிஞ்சுட்டேன்."

பாட்டு முடிந்தது. நாடாவின் கடைசியில் அப்பாவின் சாக்ஸபோன் மெல்ல எழுந்தது.

"தப்பா நெனைக்காதீங்கம்மா, கொஞ்சம் அழியாம நின்னுபோச்சு," என்று அவர் அவசரமாக நிறுத்தினார்.