கிட்னிக்காரன்

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, இந்த மருந்தைச் செஞ்சவங்களை நான் பார்க்கணும். டாக்டர் வேண்டாம், நர்ஸ் வேண்டாம். செஞ்சவங்க வரணும்."

லாய்ட் ஃபிரீசன் இப்படி அடம்பிடித்ததால்தான் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒக்சானா ஓடி வந்தாள். கனடாவின் சாஸ்கடூனில் அன்று மைனஸ் முப்பது டிகிரி குளிர். கோட்டுகூடப் போடாமல் தெருவைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். இருபத்தொரு வருட உழைப்பு இன்றுதான் முதன்முதலாக ஒரு மனிதரின் உடம்புக்குள் போகப்போகிறது. ஏற்கெனவே இரண்டு பேர் கடைசி நிமிடத்தில் பின்வாங்கிவிட்டார்கள். இவரும் மாட்டேன் என்றால் திட்டத்தையே மூடிவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

படுக்கையில் டிராக்டர் கம்பெனித் தொப்பியோடு எழுபது வயதுக்காரர். விவசாயி போலிருக்கிறது, புரியும்படி சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"பிளாட்டினம் தெரியுமில்லையா சார், மோதிரம் செய்வாங்களே? அதுல செஞ்ச மருந்து புத்துநோயைக் கொல்லும். ஆனா போற வழியில கிட்னியையும் ஒரு கை பார்த்துடும். அதனால கொழுப்புக் குமிழிக்குள்ள அடைச்சு அனுப்புறோம். கட்டிக்குப் போய்ச் சேர்ந்தப்புறம்தான் குமிழி உடையும்!"

"வழியிலேயே உடைஞ்சா?"

"அப்படிக் கேளுங்க!" ஒக்சானா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இதையேதான் ஒருத்தன் கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்கினான்."

"யாரு?"

"யாருக்குத் தெரியும்? நாங்க ஆராய்ச்சிக் கட்டுரை அனுப்பினா, பத்திரிகைக்காரங்க வெளியாள் ஒருத்தர்கிட்ட கொடுத்துக் கருத்து கேட்பாங்க. பேரைச் சொல்ல மாட்டாங்க. எங்களுக்கு வாய்ச்சவன் மூணு தடவை முடியாதுன்னு திருப்பி அனுப்பினான். முதல் தடவை, கிட்னியை ரெண்டு நாள்தான் பார்த்திருக்கீங்க, ரெண்டு மாசம் பாருங்கன்னான். அடுத்து, கிழட்டு எலிக்குக் கொடுத்துப் பாருங்கன்னான். மூணாவது தடவை, ஏற்கெனவே கிட்னி கெட்ட எலியாம்! எங்க லேப்ல அவனுக்குக் 'கிட்னிக்காரன்'னுதான் பேரு."

ஃபிரீசன் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. நர்ஸ் டெலோரிஸ் தண்ணீர் கொடுத்தாள்.

"பெரிய திமிர் பிடிச்சவனா இருப்பான் போல."

"திமிரா? கொழுப்பு சார், கொழுப்பு! எங்க குமிழியில இருக்கறதைவிட ஜாஸ்தி."

"சரி, அந்தக் கிட்னி கெட்ட எலி என்ன ஆச்சு?"

ஒக்சானாவின் குரல் இறங்கியது. "அதுல பாதி எலி செத்துப் போச்சு. குமிழி வழியிலேயே ஒழுகிடுச்சு."

"அப்போ அவன் கேட்டது சரிதானே?"

"சரிதான். அதுக்காக அவனுக்கு மாலை போடணுமா?" இத்தனை வருடம் கழித்தும் ஒப்புக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. "குமிழியோட தோலையே மாத்தினோம். ரெண்டு வருஷம் போச்சு. அப்புறம் அதே மாதிரி நாற்பது எலி, தொண்ணூறு நாள். ஒண்ணுகூடச் சாகலை சார்! அன்னைக்கு நாங்க போட்ட ஆட்டத்துல கீழ்மாடிக்காரங்க புகாரே கொடுத்துட்டாங்க. ஆனா மறுபடி அவன்கிட்ட மாட்டிக்க யாருக்குத் தெம்பு இருக்கு? வேற பத்திரிகைக்கு அனுப்பினோம், போட்டுட்டாங்க."

"அந்த நாற்பதுல ஒழுகல்?"

"துளிகூட இல்லை!"

ஃபிரீசன் பேனாவை வாங்கினார். ஒப்புதல் படிவத்தின் பதினெட்டுப் பக்கத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். ஒக்சானாவுக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"ரொம்ப நன்றி சார்! பாருங்க, விதைப்புக்கு முன்னாடி நீங்க பண்ணைக்குத் திரும்பிடுவீங்க."

"பண்ணை என் தம்பியோடது. நான் காலேஜ்ல கிட்னி ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தேன்." அவர் தாள்களை அவளிடம் நீட்டினார். "நாலாவது தடவையும் உங்களைத் திருப்பி அனுப்ப ஏதாவது காரணம் கிடைக்குதான்னு பார்க்கத்தான் வரச் சொன்னேன், டாக்டரம்மா. ஒண்ணும் கிடைக்கலை."