சிவந்த மூக்கு

மூன்றாவது முறையும் ஊதினான்.

மூன்றாவது முறையும் குடி சோதிக்கும் கருவி பூஜ்யம்தான் காட்டியது.

பள்ளிப் பேருந்து ஓட்டும் இந்த எட்டு வருடத்தில் ஒரு சொட்டு தொட்டவனில்லை. ஆனால் மூக்கும் கன்னமும் செக்கச்செவேலென்று கிடக்கிறதே. யாரோ ஒரு பிள்ளையின் அம்மா அதைப் படம் பிடித்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டாள். மூஞ்சியைப் பார்த்தாலே தெரியவில்லையா என்று கீழே ஒரு வரி வேறு.

பள்ளியின் வண்டி மேலாளருக்குக் கருவி போதவில்லை. எழுந்து வந்து அவன் வாயருகே மூக்கை நீட்டினார். மோந்தார்.

நீளமாக ஒன்று. குட்டியாக இன்னொன்று.

ஒரு மனுஷனை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது.

“டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வா. அதுவரைக்கும் வண்டியத் தொடாத.”

தோல் மருத்துவர் கன்னத்தை விளக்கில் பார்த்தார். வெயிலில் நின்றால், காரம் தின்றால் முகம் காந்துமா என்று கேட்டார். காந்தும். என்ஜின் சூட்டில் கேட்கவே வேண்டாம்.

ரோசேசியா, முகத்தைச் சிவக்க வைக்கும் தோல் நோய் என்று எழுதினார். இது குடியால் வந்ததல்ல என்று அடுத்த வரியில் எழுதி முத்திரை குத்தினார். மருந்துக்கடையில் சும்மா கேட்டு வாங்கி இத்தனை நாள் பூசிய களிம்பைத் தூக்கிப் போடச் சொன்னார். அதுதான் இன்னும் சிவக்க வைத்ததாம். புதுக் களிம்பு பூசினாலும் சிவப்பு குறைய மாதக்கணக்கில் ஆகும்.

ஆகட்டும்.

சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். எவன் வேண்டுமானாலும் சந்தேகப்பட்டுக்கொள்ளட்டும். வீட்டில் கலாவதி இருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து, அவன் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே டிபன் கேரியரை வாங்கிக்கொள்வாள். வாங்கும்போது முகத்தோடு முகம் உரசுகிற மாதிரி ஒட்டி நிற்பாள். அந்த ஒரு நொடியை நினைத்துக்கொண்டுதான் அத்தனை பேச்சையும் விழுங்கினான்.

சாயங்காலம் கதவைத் திறந்தாள். வழக்கம்போல ஒட்டி வந்தாள். கேரியரை வாங்கினாள்.

நீளமாக ஒரு மூச்சு.

குட்டியாக இன்னொன்று.

அவனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடமும் இதுதானா.

கை சட்டைப்பை வரை போனது. சீட்டை எடுக்கவில்லை.

குனிந்தான். அவள் மூக்கருகே வாயைக் கொண்டுபோனான்.

ஊதினான்.