நான்கு நாற்காலி சலூன்

மணிக்கூண்டுப் பக்கம் இருந்த மாசிலாமணியின் சலூனில் ஒரு காலத்தில் நான்கு நாற்காலிகள். ஊர் பெருத்து, சாலையை அகலப்படுத்த வந்தபோதெல்லாம் கடையின் முன்பக்கம் இடிபட்டது. நான்கு மூன்றாகி, இரண்டாகி, கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அன்று காலை சுவரில் சிவப்புக் கோடு போட வந்த சர்வேயர், வந்தது வந்தோமென்று சவரத்துக்கும் உட்கார்ந்தார். வலது கன்னம் முடிந்ததும் மாசிலாமணி மெதுவாகக் கேட்டார்.

"இந்தத் தடவை எத்தனை அடி சார்?"

"முழுசாவே போகுதுங்க. மேம்பாலம் வருது."

மாசிலாமணிக்குக் கோபம் வரவில்லை. கைதான் கனத்தது. கத்தியைத் துடைத்து மடக்கி வைத்துவிட்டு, வாசற்படியில் போய் உட்கார்ந்தார்.

"என்னங்க, இன்னொரு பக்கம்?"

"அசதியா இருக்கு சார்" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

சர்வேயரின் இடது கன்னத்தில் நுரை காயத் தொடங்கியது. அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.