காலிக் குழி சொன்ன பெயர்

கிருமியே தடவாத குழியிலிருந்து கிருமியின் பெயரை வரவழைத்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். ஆஸ்பத்திரி லேபிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடமாகச் சொல்கிறேன், ஒருத்தரும் நம்புவதில்லை.

அன்று வார்டில் ஐந்து பேருக்கு விடாத காய்ச்சல். கிருமியின் பெயர் தெரிந்தால்தான் மருந்து. கிருமியை எஃகுத் தட்டின் குழியில் தடவி, அமிலம் விட்டு, காயவைத்து லேசர் எந்திரத்துக்குள் தள்ளினால் பெயர் வரும். எங்கள் லேப் டாக்டரம்மா தடவிய தட்டிலோ காலையிலிருந்து 'அடையாளம் தெரியவில்லை' என்றே வந்தது.

"சுவருக்குப் பூசுற மாதிரி அப்பினா எந்திரம் என்ன பண்ணும், டாக்டரம்மா? மெல்லிசா தடவணும்" என்று குச்சியை நான் வாங்கிக்கொண்டேன்.

நான் தடவியதை எறும்பு தேடினாலும் கிடைக்காது. ஐந்து குழியும் பேசின. ஐந்திலும் ஒரே பெயர்!

தட்டு சுத்தமா என்று பார்க்க, ஆறாவது குழியில் சொட்டுத் தண்ணீர் மட்டும் விட்டிருந்தேன். அதுவும் அதே பெயரைச் சொன்னது.

டாக்டரம்மா சிரித்தார். "அண்ணே, கிருமிக் குச்சியை அதுலயும் வச்சிருப்பீங்க. வெறும் தண்ணியாவது, பேசுறதாவது!"

சிரித்துக்கொண்டே தன் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தார்.

"ஐயோ, குடிக்காதீங்க! லேப் தண்ணி தீர்ந்துபோச்சுன்னு அந்தச் சொட்டை உங்க பாட்டில்லேர்ந்துதான் எடுத்தேன். எங்க பிடிச்சீங்க?"

பாட்டில் பாதி காலியாகியிருந்தது.

"வார்டு வாசல் ஃபில்டர்ல. நோயாளிங்க எல்லாரும் அதுலதான்..." அவர் மெல்ல உட்கார்ந்தார். "அந்தக் குழி பேசினது நிஜம்தாண்ணே. ஓடிப்போய் ஃபில்டரை மூடுங்க."